மலையிறங்கும் பிள்ளைகளின் மனத்துக்கு யார் பொறுப்பு?



இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதும் ஒரு கடிதத்துக்கான பதில். எழுதியவர் கொல்லிமலை அரியூர் நாட்டுக்காரர். மிளகும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கும் விவசாயி. மகள் கீழே ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறாள், தங்கல் மில் விடுதியில். பொங்கலுக்கு வந்தவள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். ராத்திரியில் உறக்கம் இல்லை. பாத்திரம் உருண்டால்கூடத் திடுக்கிட்டு எழுகிறாள். திரும்பிப் போக வேண்டிய நாள் நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை. 'யாரோ வைத்த வினை' என்கிறார் ஒரு உறவுக்காரர். 'கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்' என்கிறார் இன்னொருவர். தகப்பனாருக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. "கை கால்ல அடிபட்டாக் கம்பெனியில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. மனசு கெட்டுப்போச்சுன்னா அதை யாருங்க பாக்கணும்?" என்று கேட்டிருக்கிறார்.

ஐயா, உங்கள் மகளுக்கு வேலை தந்தவர்தான் பார்க்க வேண்டும். அவருடைய இரக்கத்தை நம்பி இதைச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுத்தது அவர் போட்ட வேலை முறை என்றால், அதைச் சரிசெய்யும் கடமையும் அவருடையதுதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே பேசவேண்டும். உங்களைப் போல இந்தக் கேள்வியை மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்கும் பெற்றோர் கொல்லிமலையின் பதினான்கு நாடுகளிலும் இருக்கிறார்கள். கேட்டு எழுதியவர் நீங்கள்.

நூல் மில்லில் இயந்திரம் நிற்பதில்லை. பகல், அரை நைட், முழு நைட் என்று முறை மாறிக்கொண்டே வரும். போன வாரம் தூங்கிய நேரத்தில் இந்த வாரம் இயந்திரம் பார்க்க வேண்டும். நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரங்களுக்கு நடுவே நடந்தபடி அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காதை அடைக்கும் இரைச்சல், தொண்டையில் இறங்கும் பஞ்சு, நூல் அறாமலிருக்கக் காற்றில் ஈரத்தை ஏற்றி வைத்திருக்கும் புழுக்கம். அதற்கு மேல், நூல் அதிகம் அறுந்தால் சூப்பர்வைசரின் வாய். பஞ்சு மட்டமாக இருந்தாலும் இயந்திரம் பழையதாக இருந்தாலும் திட்டு வாங்குவது முன்னால் நிற்கும் பெண்தான்.

ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அந்தத் திட்டு வாசலோடு முடிந்துவிடும். தெருவில் நாலு பேரைப் பார்ப்பார்கள், அம்மாவிடம் பொருமுவார்கள், மறுநாள் எழுந்து போவார்கள். விடுதிப் பிள்ளைக்கு அந்த வாசலே இல்லை. விடுதி மில் மதிலுக்குள் இருக்கிறது. செல்போனை வார்டன் வாங்கி வைத்துக்கொள்ளும் விடுதிகள் உண்டு. கடைக்குப் போகக்கூடத் துணைக்கு ஆள் அனுப்பும் விடுதிகள் உண்டு. 'ஆள் கம்மியா இருக்கு, இன்னும் நாலு மணி நேரம் பார்த்துட்டுப் போ' என்று நடுராத்திரியில் கதவைத் தட்டினால் மறுப்பதற்கு எந்த வழியும் இல்லை, ஏனென்றால் அவள் எங்கே இருக்கிறாள் என்பது தட்டுகிறவருக்குத் தெரியும். மேற்கு மாவட்டங்களில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று சொல்லி இளம்பெண்களைக் கூட்டிப்போன கதையை நம் வாசகர்கள் பலரும் அறிவார்கள். பாதியில் விட்டால் அந்தத் தொகை போய்விடும் என்ற பயமே பூட்டாக இருந்தது. பெயர் இன்று மாறியிருக்கலாம். பெண்ணை வேலை செய்யும் இடத்திலேயே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு மாறவில்லை.

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அவ்வளவும் இறங்கிப் போன பிள்ளை, மனது சரியில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மா மடியில் தலை வைத்துவிட்டுத் திரும்ப முடியாது. ஊரில் ஒரு வழக்கு என்றால் ஊர்க் கவுண்டரிடம் சொல்லலாம். அங்கே தீராவிட்டால் நாட்டுக் கூட்டம் இருக்கிறது. மில்லுக்குள் அவள் யாரிடம் சொல்வாள்? சூப்பர்வைசர் மீது குறை என்றால் அதைச் சூப்பர்வைசரிடமேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆண் பிள்ளைகளின் கதை வேறு விதம். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகள் மகாராஷ்டிரம், சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போகும். வண்டியே வீடு. தண்ணீர் வருகிற வரை ராத்திரி பகல் கிடையாது. லாரிக்குக் கிளீனராகப் போகிறவனுக்கும் இதே தூக்கமின்மைதான். ஆம்பளை அழக்கூடாது என்று நாமும் சொல்லி வளர்த்துவிட்டோம். அவன் அழுவதற்குப் பதில் குடிக்கிறான். 'பையன் கெட்டுப்போயிட்டான்' என்று அவன்மேல் பழி விழுகிறது. அவன் எத்தனை நாள் தூங்காமல் வேலை பார்த்தான் என்று வண்டி முதலாளியை யாரும் கேட்பதில்லை.

வேலை மனிதனை எப்படி நோயாளியாக்குகிறது என்பதை நீண்ட காலம் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். லண்டனில் அரசு அலுவலர்களை 1967-ல் தொடங்கிப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. மைக்கேல் மார்மட் என்ற மருத்துவ அறிஞர் அதை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர். பொறுப்பு அதிகமுள்ள பெரிய அதிகாரிகளுக்குத்தான் இதயநோய் அதிகம் என்று அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆய்வு நேர்மாறாகக் காட்டியது. பதவி இறங்க இறங்க நோயும் சாவும் கூடின. புகைப்பழக்கம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் மிஞ்சியது. தன் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்பதில் தனக்கு ஒரு சொல்லும் இல்லாத நிலையே அந்த மிச்சத்துக்குப் பெரிய காரணம் என்று பின்னால் கண்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு பார்த்த குமாஸ்தாவுக்கே அந்தக் கதி என்றால், ரிங் பிரேமுக்கு நடுவே நிற்கும் பதினெட்டு வயதுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து ஒரு கணக்கைச் சொல்லின. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 35 சதவீதம் கூடுதல். இப்படி நீண்ட நேரம் உழைத்ததால் 2016-ம் ஆண்டில் மட்டும் சுமார் 7,45,000 பேர் பக்கவாதத்திலும் மாரடைப்பிலும் இறந்தார்கள். மனச்சோர்வாலும் பதற்ற நோயாலும் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்கள் வீணாகின்றன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இன்னொரு மதிப்பீடு. முதலாளிகளிடம் பேசும்போது இந்த இரண்டாவது எண்ணைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள், நஷ்டக் கணக்கு காட்டினால் காது கொடுப்பார்கள் என்று. எனக்கு இறந்தவர்களின் எண்தான் பெரிதாகப் படுகிறது.

நம் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் ஓய்வு, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் தொழிலாளர் நல அதிகாரி. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் இவ்வளவையும் தந்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதன் இடத்துக்கு வந்துவிட்டன. வேலையிடத்தை ஆபத்தில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று அவையும் சொல்கின்றன. ஆனால் தொழிலால் வரும் நோய்கள் என்று சட்டம் போட்ட பட்டியலைப் பாருங்கள்: ஈய நஞ்சு இருக்கிறது, பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் இருக்கிறது, இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை இருக்கிறது. மனநோய் ஒன்றுகூட இல்லை. நுரையீரலுக்குள் போன பஞ்சைச் சட்டம் பார்க்கிறது. அதே இயந்திரத்தின் முன்னால் நின்ற அதே பெண்ணின் மனதுக்குள் போனதைப் பார்க்க மறுக்கிறது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் நல்ல சட்டம். சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியது, தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தக்கூடாது என்றது. அதுவும் நோயாளியையும் மருத்துவமனையையும் பற்றித்தான் பேசுகிறது. வேலை தருகிறவரின் வாசல் வரை வரவில்லை.

கல்வி நிலையங்களுக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம், மனநலம் என்பது அரசியல் சட்டத்தின் 21-ம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பிரிக்க முடியாத பகுதி என்று சொல்லி, கல்வி நிறுவனங்களுக்கு நெறிமுறைகள் வகுத்தது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. மாணவர் விடுதிகளைப் பற்றியும் அதில் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இரண்டு தோழிகளில் ஒருத்தி கல்லூரி விடுதிக்குப் போகிறாள், இன்னொருத்தி மில் விடுதிக்குப் போகிறாள். வயது ஒன்று, ஊர் ஒன்று, தனிமை ஒன்று. முதலாமவளுக்கு உச்சநீதிமன்றத்தின் வார்த்தை துணை இருக்கிறது. இரண்டாமவளுக்கு வார்டன் இருக்கிறார். பெண்கள் விடுதிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2014-ம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது. கட்டடம், கழிவறை, காவலாளி ஆகியவற்றோடு, அங்கே தங்கும் பெண் யாரிடம் மனம் விட்டுப் பேசலாம் என்பதையும் அந்தப் பதிவின்போது கேட்கட்டும். கேட்பதற்கு மாவட்ட ஆட்சியருக்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

நேரத்தைப் பற்றி நாம் ஒருபோதும் அசந்துவிடக் கூடாது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்திலேயே, சில ஆலைகளில் நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்தம் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் சில நாட்களில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, நாலு நாள் வேலை மூன்று நாள் ஓய்வு என்று அப்போது விளக்கம் சொன்னார்கள். விடுதியில் தங்கியிருக்கும் பெண்ணுக்கு அந்த மூன்று நாளும் ஓய்வாகவே இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. சென்னையில் 1918-ல் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் திரு.வி.க.வையும் பி.பி.வாடியாவையும் முன்னிறுத்திச் சங்கம் தொடங்கியபோது அவர்களுடைய குறைகளில் முன்னால் நின்றது எது தெரியுமா? மதியச் சோற்றுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. உட்கார்ந்து சாப்பிடும் நேரம் மனதோடும் சேர்ந்தது என்று அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு உட்கார ஒரு இருக்கை என்பது 2021-ல்தான் இங்கே சட்டமானது.

இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கை உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஐயா. உங்கள் மகளுக்கு அது நேரடியாகப் பொருந்துகிறது. நார்தம்பர்லாந்து மாகாண மன்றத்தில் ஜான் வாக்கர் என்றொரு சமூக நல அதிகாரி இருந்தார். கொடுமைக்கு ஆளான குழந்தைகளைக் காப்பது அவருடைய பிரிவின் வேலை. வழக்குகள் கூடிக்கொண்டே போயின, ஆள் கூட்டவில்லை. 1986 நவம்பரில் அவர் மனம் முறிந்து படுத்துவிட்டார். சில மாதம் கழித்துத் தேறி வந்தபோது, துணைக்கு ஆள் தருகிறோம் என்றார்கள். அந்தத் துணை நிலைக்கவில்லை. விட்டுப் போயிருந்த வேலையும் சேர்ந்து தலையில் விழுந்தது. 1987 செப்டம்பரில் மறுபடி முறிந்தார். அடுத்த ஆண்டு, உடல்நலமில்லை என்று சொல்லி வேலையிலிருந்தே நீக்கிவிட்டார்கள். 1994-ல் தீர்ப்பு வந்தது. முதல் முறை நடந்ததை மேலதிகாரிகள் முன்கூட்டியே அறிந்திருக்க வழியில்லை என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. இரண்டாம் முறைக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. ஒரு முறை முறிந்தவர் என்று தெரிந்த பிறகும் அதே சுமையை ஏற்றியது முதலாளியின் தவறு. இழப்பீடு தர வேண்டும் என்றது. உடம்புக்கு வரும் காயமும் மனதுக்கு வரும் காயமும் வேலை தருகிறவரின் கடமையில் ஒன்றுதான் என்பதை அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது.

முதலாளிக்குத் தெரியுமா, தெரிந்த பிறகு என்ன செய்தார் என்பதுதான் அந்த வழக்கின் உயிர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரான்ஸ் இன்னும் மேலே போனது. பிரான்ஸ் டெலிகாம் நிறுவனம் 2006-லிருந்து 22,000 பேரைக் குறைப்பது என்று திட்டம் போட்டது. பலர் அரசு ஊழியர் பாதுகாப்பு உள்ளவர்கள், வெளியே அனுப்ப முடியாது. அதனால் அவர்களாகவே ஓடும்படி இடம் மாற்றினார்கள், பொருந்தாத வேலை கொடுத்தார்கள், ஒதுக்கி வைத்தார்கள். ஊழியர்கள் ஒருவர் பின் ஒருவராக உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2019 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம், தலைவராக இருந்த டிடியே லொம்பாரும் அவருடைய மூத்த அதிகாரிகளும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. எந்த ஒரு ஊழியரையும் அவர்கள் நேரில் துன்புறுத்தவில்லை. நிர்வாகக் கொள்கையே துன்புறுத்தல் என்றது நீதிமன்றம். 2025 ஜனவரியில் அந்த நாட்டின் உயர் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஜப்பானில் 2015 டிசம்பரிலிருந்து, 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் ஆண்டுக்கு ஒரு முறை ஊழியர்களின் மன அழுத்தத்தைப் பரிசோதிப்பது கட்டாயம். வேலைப்பளுவால் நேரும் சாவுகளுக்குத் தனிப் பெயர் வைக்கும் அளவுக்குப் பல உயிர்களை இழந்த பிறகே அவர்கள் அந்தச் சட்டத்துக்கு வந்தார்கள்.

நம் நாட்டில் 2024 ஜூலையில் புனேயில் ஒரு பன்னாட்டுத் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்த சில மாதங்களில், கேரளத்தைச் சேர்ந்த 26 வயதுப் பட்டயக் கணக்காளர் ஒருவர் இறந்துபோனார். வேலைப்பளுதான் மகளைக் கொன்றது என்று தாய் நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் நாடு முழுவதும் பேசப்பட்டது. நிறுவனம் அதை மறுத்தது. அந்தத் தாய்க்கு ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்திருந்தது, கடிதம் தொலைக்காட்சிக்குப் போனது, மத்திய அமைச்சர் பதில் சொன்னார். மலையிலிருந்து இறங்கிப் போன பெண்கள் உடைந்து திரும்பும்போது அது குடும்பத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஐ.டி. கம்பெனி ஊழியருக்கு மட்டும் வரும் நோய் என்று மன அழுத்தத்தை நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஏழைக்கு வந்தால் அதற்குச் சோம்பேறித்தனம், திமிர், பேய் என்று வேறு பெயர்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு மனம் தளர வேண்டாம். மாற்ற முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் ஒரு ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். பெண்களே முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அதை ஒரு கொலை வழக்காக மட்டும் விட்டுவிடவில்லை. அந்த ஆலைக்குள் பெண்கள் தினமும் கேட்ட ஏச்சு, தொட்டுப் பேசுதல், டார்கெட் மிரட்டல் எல்லாவற்றையும் மேசைக்குக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரலில் ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், துணி வாங்கும் எச் அண்ட் எம் ஆகியவற்றோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. கேப், பி.வி.எச். நிறுவனங்களும் சேர்ந்துகொண்டன. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர்.

அதன்படி 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் வீதம், தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து பயிற்சி தந்தார்கள். பக்கத்து இயந்திரத்தில் இருக்கும் அக்காவிடமே குறையைச் சொல்லலாம். சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் நிபந்தனை. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் வாங்கும் நிறுவனம் வியாபாரத்தைக் குறைக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. எல்லாவற்றுக்கும் பலம் கொடுத்தது அதுதான். முதல் ஆண்டில் 185 குறைகள் வந்தன, 182 தீர்க்கப்பட்டன, பாதிக்கு மேல் ஒரு வாரத்துக்குள். அங்கே யாரும் யோகா வகுப்பு நடத்தி இதைச் சாதிக்கவில்லை. கத்துகிற சூப்பர்வைசர் கத்துவதை நிறுத்த வேண்டி வந்தது, அவ்வளவுதான்.

யோகாவை நான் குறை சொல்லவில்லை. மனநல தினத்தன்று ஒரு மருத்துவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசவைத்து, படம் எடுத்துப் போட்டுவிட்டு, அன்று இரவே நாலு மணி நேரம் கூடுதல் வேலை வாங்கும் நிர்வாகங்களைப் பார்த்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், ஊழியருக்குத் தரும் பயிற்சியோடு வேலை முறையை மாற்றுவதையும் மேலாளர்களுக்குப் பயிற்சி தருவதையும் சொல்லியிருக்கிறார்கள். நம் மில்களுக்கு அதைப் பெயர்த்துச் சொன்னால் செலவில்லாத காரியங்களே அதிகம்: ஷிப்டு முறையை ஒரு மாதம் முன்பே எழுதி ஒட்டுங்கள், முழு நைட் முடிந்தவுடன் மறுபடி பகலுக்குக் கூப்பிடாதீர்கள், செல்போனைப் பெண்ணின் கையிலேயே விடுங்கள், திட்டாமல் வேலை சொல்லத் தெரியாதவரைச் சூப்பர்வைசர் ஆக்காதீர்கள். ஆடி மாதம் வல்வில் ஓரி விழாவுக்கு மலைப் பிள்ளைகள் ஊருக்குப் போக வேண்டும் என்பது வருடா வருடம் தெரிந்ததுதானே, அதற்கு லீவு கேட்டு அழவைக்காதீர்கள்.

தமிழ்நாடு அரசு 2024-ல் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று தொடங்கி, ஆலைகளுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. அருமையான திட்டம். அந்தச் செவிலியர் 'ராத்திரி தூக்கம் வருதாம்மா?' என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வழிசெய்தால், எத்தனையோ பிள்ளைகளை முன்கூட்டியே காப்பாற்றலாம்.

அரசும் ஒரு முதலாளிதான் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. மலையில் வீடு வீடாகக் கர்ப்பிணிகளைத் தேடிப் போகும் கிராம சுகாதாரச் செவிலியர், ஊக்கத்தொகையில் காலம் தள்ளும் ஆஷா பணியாளர், குடும்பத்தைக் கீழே விட்டுவிட்டு உண்டு உறைவிடப் பள்ளியில் ராத்திரியும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர், அந்த 70 வளைவிலும் தினமும் ஏறி இறங்கும் அரசுப் பேருந்தின் ஓட்டுநர் இவர்களுடைய தூக்கத்துக்கும் பொறுப்பானவர்கள் இருக்கிறார்கள். ஓட்டுநருக்கு இரட்டை டூட்டி போட்டால் அது ஐம்பது குடும்பங்களின் உயிர்ப் பிரச்சினை. மிளகு பறிக்கவும் காபி பறிக்கவும் நாலு ஆளை வைத்துக்கொள்ளும் நம்மவர்களும், விடுதியும் ஓட்டலும் நடத்துகிறவர்களும் இதே கணக்கில் வருகிறார்கள்.

இனி உங்கள் மகளின் காரியம், ஐயா.

மருத்துவர் பார்க்கும் வரை அவளைத் திருப்பி அனுப்ப வேண்டாம். செம்மேட்டு அரசு மருத்துவமனையில் காட்டி, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே பேச வேண்டும் என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அவளே கூப்பிடலாம். இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே, காசில்லாமல். பக்கத்தில் நின்று கேட்காமல், தோட்டத்துப் பக்கம் போய்ப் பேச விடுங்கள். உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்பது போல ஒரு வார்த்தை அவள் வாயில் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள், அவளைத் தனியாக விடாதீர்கள்.

அவளுடைய சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு 0.75 சதவீதம் பிடித்து, முதலாளி 3.25 சதவீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் நோய்க்கால விடுப்புக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். இரண்டு ஆண்டு தொடர்ந்து காப்பீட்டில் இருந்து, தேவையான நாட்களுக்குச் சந்தாவும் கட்டியிருந்தால், நீடித்த நோய்களுக்கு 80 சதவீதம் வரை தரும் பலன் உண்டு. அந்தப் பட்டியலில் மனச்சிதைவும் கடுமையான மனச்சோர்வு நோயும் இருக்கின்றன. இது பல தொழிலாளர்களுக்கும் தெரியாது, சொல்ல வேண்டிய நிர்வாகங்களும் சொல்வதில்லை.

பிறகு மில் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம். மகளுக்கு இன்ன இன்ன தொந்தரவு இருக்கிறது, மருத்துவர் இன்ன தேதியில் பார்த்தார், திரும்பி வந்தால் இரவு ஷிப்டு போடக்கூடாது, போன் கையில் இருக்க வேண்டும், இன்ன பிரிவில் விழும் ஏச்சு நிற்க வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். அவள் சம்மதித்ததை மட்டும் எழுதுங்கள், அவள் சொல்ல விரும்பாததை எழுத வேண்டாம். தவறான தொடுகையோ பேச்சோ இருந்திருந்தால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் எதிலும் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும் என்று 2013-ன் சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவுக்குத் தனியாக எழுதலாம். கடிதத்தை ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, நகல் ஒன்றைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் அனுப்புங்கள். ஒப்புகை வந்த நாளிலிருந்து, தெரியாது என்று சொல்ல நிர்வாகத்துக்கு வழியில்லை.

எழுத உதவி வேண்டுமானால் எங்கள் அலுவலக முகவரிக்கு ஒரு வரி போடுங்கள், நாங்களே எழுதித் தருகிறோம். அரியூர் நாட்டில் மட்டுமல்ல, எந்த நாட்டிலிருந்து கேட்டாலும். மில் நடத்தும் வாசகர்கள் சிலர் இந்த இதழுக்கு இருக்கிறார்கள் என்று அறிவேன். உங்கள் விடுதியில் ஒரு பெண் தன் குறையை யாரிடம் சொல்லலாம் என்று ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழிலேயே வெளியிட இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்